இருநூற்றுப் பன்னிரண்டு கடைகளுக்கு ஒரே ஃபோன் நம்பர்

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு வரிசையில் நின்றபோது கிடைத்தது. மல்லேஸ்வரம் பக்கம், கடைகளுக்கு உரிமம் கொடுக்கும் அலுவலகம். காகிதத்தை விட்டுக் கணினிக்கு மாறிய புதிது. கவுண்டரில் இருந்த அம்மாவின் ஃபோன் நிமிடத்துக்கொரு முறை சிணுங்கியது. எடுத்துப் பார்ப்பார், சிரிப்பார், கவிழ்த்து வைப்பார். அந்தச் சிரிப்பு எதற்கென்று தெரியாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மீதியை நானே எழுதிக்கொண்டேன்.

2.

முதல் வரி: 'தூசி படிந்த கோப்புகளின் நடுவே ரஞ்சிதம்—'

வேண்டாம். அரசு அலுவலகம் என்றாலே தூசியில் தொடங்குவது என் சோம்பேறித்தனம். ரஞ்சிதம் தினமும் மேசையைத் துடைப்பவள். (கவுண்டரில் 'அவர்', கதைக்குள் 'அவள்'. உரிமை எடுத்துக்கொண்டேன்.)

வயது ஐம்பத்து நான்கு. கோலார் தங்கவயலிலிருந்து தினமும் ரயிலில் வந்துபோகிறவள். பழைய காகித விண்ணப்பத்தில் ஃபோன் நம்பருக்கு இடமே கிடையாது. புதுக் கணினியோ பத்து எண் இல்லாமல் அடுத்த பக்கத்துக்கு நகர மாட்டேன் என்றது. பத்து ஒன்பதுகளைத் தட்டிப் பார்த்தாள். 'தவறான எண்.' சரி, அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று தன் நம்பரையே போட்டாள். ஒரு கடைக்கு அல்ல, இருநூற்றுப் பன்னிரண்டு கடைகளுக்கு.

[அப்புறம் என்ற சொல்லை நம்பித்தான் பாதி வேலை நடக்கிறது. இந்தக் கதைக்கும் முடிவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் உட்கார்ந்தேன்.]

3.

அவளுக்கு அதில் சந்தோஷம் வேறு. யாராவது உரிமம் புதுப்பிக்க வந்தால் ஓடிபி அவள் ஃபோனுக்கே வரும், இரண்டு நிமிடத்தில் வேலை முடியும். சாயங்கால ரயிலில் 'வாழ்த்துகள், உங்கள் கடைக்கு உரிமம் வழங்கப்பட்டது' என்று வந்திருப்பதையெல்லாம் வாசித்துக்கொண்டே போவாள். தையல் கடை, சலூன், மாவு மில். எல்லாம் தன் கடை மாதிரி மனசு நிறைந்துவிடும்.

ஒரு திங்கட்கிழமை வைட்ஃபீல்டிலிருந்து அச்யுத் வந்தான். மென்பொருள் செய்துகொடுத்த கம்பெனியின் ஆள்.

"மேடம், ஒரே நம்பர்ல இருநூத்திப் பன்னண்டு லைசென்ஸ் இருக்கு. யாரோ பெரிய புரோக்கர். வெள்ளிக்கிழமை அஞ்சரைக்கு சிஸ்டம் தானா மேல ரிப்போர்ட் அனுப்பிடும்."

"யாருப்பா அது?"

"போட்டுப் பாத்துட்டா போச்சு." ஒவ்வொரு எண்ணாக உரக்கச் சொல்லிக்கொண்டே அழுத்தினான். கடைசியாக, "நாலு."

எதிரே மேசைமேல் கவிழ்ந்து கிடந்த ஃபோன் அடித்தது.

4.

அச்யுத்தைக் கெட்டவனாக்கிப் பார்த்தேன், ஒட்டவில்லை. அவன் கண்ணில் நீர் வரச் சிரித்தான். அப்புறம்தான் அவன் முகம் மாறியது.

"மேடம், அஞ்சரைக்குள்ள அவங்கவங்க நம்பர் ஏறணும். காலியா விட்டா அந்த லைசென்ஸ் ரத்து. உங்க நம்பர் ஒண்ணே ஒண்ணுல மிச்சமிருந்தாலும் உங்க வேலைக்கு ஆபத்து."

கட்டிவைத்த பழைய காகிதக் கட்டுகளை ரஞ்சிதம் அவிழ்த்தாள். முகவரி அதில்தான் இருந்தது. கடை கடையாக ஆள் அனுப்பி எல்லோரையும் வரச் சொன்னாள். எல்லாம் ஆன்லைன் ஆன பிறகு அந்த அலுவலகம் பார்த்த மிக நீளமான வரிசை அந்த வாரத்தில்தான். நம்பர் மாற மாற, 'உங்கள் எண் நீக்கப்பட்டது' என்று அவள் ஃபோன் சிணுங்கும். அப்பாடா, ஒன்று போயிற்று என்று சிரித்துக் கவிழ்த்து வைப்பாள்.

(நான் பார்த்தது அந்தச் சிரிப்பைத்தான் என்று முடிவு செய்திருக்கிறேன்.)

5.

வெள்ளி, ஐந்தேகால். இருநூற்றுப் பதினொன்று முடிந்தது. மிச்சம் சரசு, ஒக்கலிபுரத்தில் இட்லிக் கடை. திரையில் இருந்த தன் நம்பரை ரஞ்சிதம் அழித்தாள்.

"நம்பர் சொல்லு சரசு."

"எனக்கேது மேடம் ஃபோனு? வீட்ல இருக்கிறது மருமகன்கிட்ட. கடைய தன் பேருக்கு மாத்தணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறான். அவன் நம்பரப் போட்டா ஓடிபி அவன் கைக்குப் போயிடும். என் கடை போச்சு. உங்க நம்பரே இருக்கட்டுமே."

"ஸ்வல்ப இரு, கொஞ்சம் பொறு," என்றாள் ரஞ்சிதம்.

முடிவு ஒன்று: மருமகன் திருந்தி— சே.

முடிவு இரண்டு: அச்யுத் ஓடிப்போய்ப் புது சிம் வாங்கி வருகிறான். வெள்ளிக்கிழமை ஐந்தேகாலுக்கு, இந்த ஊர்ப் போக்குவரத்தில்! அப்படியே வந்தாலும் சிம் உயிர்பெறுவதற்குள் மணி ஆறாகிவிடும்.

முடிவு மூன்று: பின்னால் நின்ற நான் என் நம்பரைக் கொடுக்கிறேன். நல்லவனாகத் தெரிவேன். ஆனால் அடுத்த வருடம் ஓடிபி கேட்டு சரசு என்னை எங்கே தேடுவாள்?

6.

இனி கதையை நான் தள்ளவில்லை, ரஞ்சிதமே அடிக்கிறாள். தன் நம்பரைத்தான். முகத்தில் பயமில்லை, ரயிலில் செய்தி வாசிக்கும்போது இருக்குமே, அந்த நிறைவுதான் இருக்கிறது. ஒன்பது எண்கள் ஏறிவிட்டன. பத்தாவதில் விரல் நிற்கிறது. சரசு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

மணி ஐந்து இருபத்தெட்டு. நான் எழுந்துகொள்கிறேன், எழுதுகிற நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள். கடைசி எண் உங்களுக்குத் தெரியும்.