ராசியான ஆஸ்பத்திரி

சிதம்பரத்தில் டாக்டர் ராஜமாணிக்கத்தின் ஆஸ்பத்திரிக்கு ஒரு பெயர் உண்டு. அங்கே நர்ஸ் வேலைக்குச் சேர்ந்தால் வருஷம் திரும்புவதற்குள் கல்யாணம் கூடிவந்துவிடும் என்பார்கள். அதை ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டவரே டாக்டர்தான். வேலையை விட்டுப் போகிற ஒவ்வொருத்தியும் அவர் முன்னால் நின்று, தலையைக் குனிந்து, "கல்யாணம் சார்" என்பாள். அவர் மனம் குளிர்ந்து, அனுபவச் சான்றிதழில் அன்றைக்கே கையெழுத்துப் போட்டு, ஒரு பரிசுப் பெட்டியையும் கொடுத்து அனுப்புவார். வேறு ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று உண்மையைச் சொன்னவளுக்குச் சான்றிதழ் மாசக்கணக்கில் இழுபடும். நம் பிள்ளைகள் விவரமானவர்கள். மாப்பிள்ளை இருக்கிறானோ இல்லையோ, கல்யாணம் நிச்சயமாகிவிடும்.

சிந்துஜாவுக்கு அந்த வழியும் அடைபட்டிருந்தது. அவளுக்குக் கல்யாணமாகி, நாலு வயதில் ஒரு மகளும் இருந்தாள்.

அவள் ஊரான கீரப்பாளையத்தில் பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் ஆஸ்பத்திரி வாசலில் இறங்கிவிடலாம். இரண்டாம் மாடியில், ஆபரேஷன் முடிந்தவர்கள் படுத்திருக்கும் வார்டில் ஏழு வருஷமாக வேலை பார்க்கிறாள். புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டுவதில் அவளுக்கு நல்ல கை. "அந்தக் கீரப்பாளையம் சிஸ்டரே வரட்டும்" என்று காத்துக் கிடக்கிற நோயாளிகள் உண்டு. அந்த வேலை அவளுக்கு உயிர். அதைச் சொல்ல அவள் வெட்கப்பட்டதும் இல்லை.

குறை ஒன்றே ஒன்றுதான். உட்கார நாற்காலி இல்லை.

முன்பு இருந்தது. வசதியான நோயாளி ஒருவரின் மைத்துனர் ஒருநாள் கீழே போய், "உங்க சிஸ்டருங்க உக்காந்து கதை பேசிக்கினு இருக்காங்க" என்று போட்டுக்கொடுத்தார். டாக்டர் வார்டுக் கேமராவில் பார்த்தார். இரண்டு பேர் உட்கார்ந்திருந்தது உண்மைதான். அவர்கள் நோயாளிகளின் கேஸ் ஷீட்டை எழுதிக்கொண்டிருந்தார்கள் என்று கேமரா எங்கே சொல்லப்போகிறது? மறுநாள் நாற்காலிகள் குடோனுக்குப் போயின. நின்றபடி எழுத மேசையையும் உயரமாக்கி, ஓட்டல் வரவேற்பறை மாதிரி பளிங்கு பதித்துவிட்டார். பார்க்கப் பளபளவென்று இருந்தது. பன்னிரண்டு மணி நேர டியூட்டி முடிந்து வீட்டுக்குப் போனால், காலைக் கழற்றி மூலையில் வைத்துவிடலாமா என்று இருக்கும்.

அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரி இத்தனை ராசியாகிப் போனது.

கடலூரில் ஒரு ஆஸ்பத்திரி சிந்துஜாவை வேலைக்குக் கூப்பிட்டிருந்தது. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். அங்கே நாற்காலி இருந்தது. ஆனால் பாதிப் பொழுது பஸ்ஸிலேயே கழிந்துவிடும். மகள் எழுந்திருக்கும் முன் கிளம்பி, அவள் தூங்கிய பிறகு திரும்ப வேண்டும். போக மனமில்லை, இருக்கக் காலில்லை.

"மாமியாருக்கு உடம்பு முடியலன்னு சொல்லிடுங்கக்கா. சர்ட்டிபிகேட் உடனே குடுத்துடுவாரு" என்று கூட வேலை பார்க்கும் பொன்னி யோசனை சொன்னாள். பொன்னிக்கு இது ஆறாம் மாதம். சுவரில் முதுகைச் சாய்த்து, ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றுகொண்டுதான் பேசினாள்.

சிந்துஜா அதை வீட்டில் சொன்னதும், மாமியார் அமராவதி புளி கரைத்துக்கொண்டிருந்த கையை உதறினார்.

"நல்லா இருக்குதே நாயம். குத்துக்கல்லாட்டம் இருக்கேன், என்னை எதுக்குப் படுக்கையில போடுற? நிக்க முடியலன்னா நிக்க முடியலன்னு சொல்லு. வாயில என்ன கொழுக்கட்டையா?"

சிந்துஜா சிரித்தாள். சிரித்து முடிப்பதற்குள் முடிவும் செய்துவிட்டாள்.

மறுநாள் மதியம் வெளி நோயாளிகள் கூட்டம் ஓய்ந்ததும் டாக்டரின் அறைக்குப் போனாள்.

"சார், கடலூர்ல வேலைக்குக் கூப்பிடறாங்க. எனக்குப் போக இஷ்டமில்ல. வார்டுல நாற்காலிய திருப்பிப் போட்டீங்கன்னா இங்கயே இருந்துடுறேன்."

டாக்டர் கெட்டவர் இல்லை. இல்லாதப்பட்டவர்களிடம் கறாராகக் காசு கேட்காதவர். ஆனால் தம் கண்ணில் பட்டதுதான் உலகம் என்று நினைப்பவர்.

"நான் ஆபரேஷன்ல மணிக்கணக்கா நிக்கிறேன். உங்களுக்கு மட்டும் என்னம்மா?"

"நிக்க வேண்டிய வேலைக்கு நாங்களும் நிக்கிறோம் சார். நீங்க வெளிய வந்தா உங்களுக்கு நாற்காலி இருக்கு."

அவர் முகம் சுருங்கியது. கொஞ்சம் யோசித்து, "சரி, உனக்கு மட்டும் ஒண்ணு போடச் சொல்றேன். நீ சீனியர்" என்றார்.

அவள் கால்கள் அதற்கு உடனே சம்மதித்துவிட்டன. வாய் சம்மதிக்கவில்லை.

"நான் உக்காந்துக்கினு, புள்ளத்தாச்சிப் பொண்ண நிக்க வெச்சிப் பாக்குறதா சார்? எல்லாருக்கும்னா இருக்கேன். இல்லன்னா போறேன்."

"சும்மா எல்லாரையும் இழுக்காத. இத்தன பேர் போனாங்களே, எவளாவது நாற்காலிக்காகப் போனாளா? எல்லாம் கல்யாணமாகித்தான் போச்சிங்க. நம்ம லால்பேட்டை அம்ரீன எடுத்துக்க. நிக்காஹ்னு சொல்லிட்டு எவ்ளோ சந்தோஷமா போச்சு."

"அவகிட்டயே கேட்டுடலாமா சார்?"

கேட்டாயிற்று. இனிப் பின்வாங்க முடியாது, பின்வாங்கும் எண்ணமும் அவளுக்கு இல்லை. அம்ரீனை அழைத்து, சத்தம் வெளியே கேட்கும்படி போனை மேசைமேல் வைத்தாள்.

"அம்ரீன், பெரிய டாக்டர் ரூம்ல இருக்கேன். நீ பேசறது அவருக்கும் கேக்கும். நாற்காலி விஷயமா வந்தேன். இஷ்டமிருந்தா உள்ளதச் சொல்லு. இல்லன்னா வெச்சிடு, நான் தப்பா நெனைக்க மாட்டேன்."

அம்ரீன் பதில் சொல்வதற்குள் டாக்டரே குனிந்து, "என்னம்மா, நல்லா இருக்கியா? வீட்டுக்காரர் எப்படி இருக்காரு?" என்று கேட்டார்.

"எனக்கு இன்னும் கல்யாணம் ஆகல சார்."

டாக்டர் சிந்துஜாவைப் பார்த்தார். அவள் போனைப் பார்த்தபடி நின்றாள்.

"கடலூர்லதான் சார் வேலை பாக்குறேன். சம்பளம் நீங்க குடுத்ததவிட கம்மிதான். அங்க இருந்தப்ப சாயங்காலமானா கால் வீங்கி செருப்பு நுழையாது சார். உங்ககிட்ட நெறைய கத்துக்கினேன், வேலையும் புடிச்சிருந்துது. நெசத்தச் சொன்னா சர்ட்டிபிகேட்ட இழுத்தடிப்பீங்கன்னு பயந்துட்டேன், மன்னிச்சிடுங்க. நீங்க குடுத்த டின்னர் செட்ட இன்னும் பிரிக்கல சார். குடுத்தனுப்பட்டுமா?"

"வேணாம்மா" என்றார் டாக்டர். அவரைப் பார்க்கச் சிந்துஜாவுக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அதற்காக அவள் இளகிவிடவில்லை.

போனை அணைத்ததும், "மத்தவங்க?" என்று கேட்டார்.

"சில பேருக்கு ஆச்சு சார். நெறைய பேருக்கு இல்ல."

அவர் பக்கத்திலிருந்த கேமரா திரையைத் திரும்பிப் பார்த்தார். இரண்டாம் மாடியில் பொன்னி, இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, பளிங்கு மேசைமேல் எதையோ எழுதிக்கொண்டிருந்தாள். தினமும் பார்க்கிற படம்தான். இன்றைக்கு நெடுநேரம் பார்த்தார்.

"குடோன் சாவி வாட்ச்மேன் அருள்முருகன்கிட்ட இருக்கு. நாளைக்கி எல்லாத்தையும் எடுத்துப் போடச் சொல்றேன்."

"சரி சார். இன்னைக்கி இத எடுத்துக்கினு போறேன்" என்று, நோயாளிகள் உட்காருவதற்காக அவர் மேசைக்கு எதிரே போட்டிருந்த நாற்காலியைத் தூக்கினாள். ஏழு வருஷத்தில் அதில் அவளை ஒருவரும் உட்காரச் சொன்னதில்லை. டாக்டர் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அவள் கீழே வைத்திருக்கப் போவதில்லை.

படியில் எதிரே வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். மாடியில் மேசைக்குப் பின்னால் நாற்காலியைப் போட்டு, "உக்காரு" என்றாள்.

பொன்னி அண்ணாந்து கேமராவைப் பார்த்தாள். "பாக்குறாருக்கா."

"பாக்கட்டும். உக்காரு."

பொன்னி நாற்காலியின் கைப்பிடிகளைப் பிடித்து மெல்ல உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே, "அப்ப கடலூருக்கு?" என்று கேட்டாள்.

"போகல. ஆனா மீதி நாற்காலிங்க வந்து சேர்ற வரைக்கும் அவங்ககிட்ட சொல்ல மாட்டேன்."

அந்த நேரம் பார்த்து வார்டின் கடைசிப் படுக்கையிலிருந்து மணி அடித்தது. பொன்னி பழக்கத்தில் எழப்போனாள். சிந்துஜா அவள் தோளைப் பிடித்து அமர்த்தினாள்.

"நீ உக்காரு. நான் போறேன்."