வெட்டப்பட்ட எட்டு நிமிடங்கள்

தேவநாதனுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை முடிந்து அன்று நான்காம் நாள். செல்போனையும் டிவியையும் ஒரு வாரத்துக்குத் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் அவர் எழுதிய விமர்சனத்துக்கு வந்திருந்த கருத்துகளை அமலாதான் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தாள். கறுப்புக் கண்ணாடியோடு நாற்காலியில் சாய்ந்து அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

விழுப்புரத்தில் உலக சினிமா பார்க்கிறவர்களுக்காக அவர் நடத்திவந்த முகநூல் குழுவில் ஆயிரத்து எண்ணூறு பேர் இருந்தார்கள். ஓய்வு பெற்ற பிறகு அதுதான் அவருக்கு அலுவலகம் மாதிரி. இந்த முறை எழுதியது ஐம்பதுகளில் வந்த ஒரு ஹாலிவுட் காதல் காவியத்தைப் பற்றி. போர்க்காலம், வெள்ளத்தில் உடையும் பாலம், திரை முழுக்கக் குதிரைகள், பாலம் கட்ட வந்த என்ஜினியருக்கும் நாடகக் கம்பெனிப் பாடகி ஒருத்திக்கும் காதல். மூன்றரை மணி நேரப் படம். அதைப் புதிதாகச் சுத்தம் செய்து ஃபோர்-கே டிஸ்க்காக வெளியிட்டிருந்தார்கள். பெட்டிக்குள் இரண்டு டிஸ்க். ஒன்றில் அந்தக் காலத்தில் தியேட்டரில் ஓடிய படம். இன்னொன்றில் நீளம் கருதி அப்போது வெட்டிவிட்ட ஒரு காட்சியைத் தேடிப் பிடித்துச் சேர்த்திருந்தார்கள். எட்டு நிமிடக் காட்சி.

என்ஜினியர் விட்டுவிட்டுப் போன மனைவியைப் பற்றியது அது. அவனைத் தேடி அவள் அவனுடைய ஆபீசுக்கு வருகிறாள். பெஞ்சில் உட்கார்ந்து காத்திருக்கிறாள். அவன் மறந்துவிட்டுப் போன குடையை ஒரு குமாஸ்தா எடுத்து வந்து கொடுக்கிறான். வெளியே மழை. அந்தக் குடையை விரிக்காமலே கையில் பிடித்துக்கொண்டு அவள் நனைந்தபடி வீட்டுக்கு நடக்கிறாள். அவ்வளவுதான்.

தேவநாதன் எழுதியிருந்தார்: ‘இந்த எட்டு நிமிடங்களை அன்றைக்கு வெட்டியதே நியாயம். காதலர்களோடு ஒன்றிப்போன பார்வையாளனை வெளியே இழுத்துப் போடுகிறது. புதிய வெளியீட்டை வாங்குகிறவர்கள் முதல் டிஸ்க்கை மட்டும் பார்த்தால் போதும்.’

அமலாவுக்கு அந்தப் படம் வெறும் படமல்ல. தொண்ணூற்றாறில், புதுச்சேரியில் அவள் பள்ளி ஆசிரியையாக இருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சிக்கு தேவநாதன்தான் அவளை அழைத்துப் போனார். இடைவேளையில்தான் தனக்குத் திண்டிவனத்தில் மனைவியும் ஒரு பெண் குழந்தையும் இருப்பதைச் சொன்னார். அழுதுகொண்டே மிச்சப் படத்தைப் பார்த்தாள். அடுத்த வருடம் அவரோடு வந்துவிட்டாள். அவளுடைய அக்காவைத் தவிர வீட்டில் யாரும் பிறகு அவளோடு பேசவில்லை.

“கண்ணையன் போட்டிருக்காருங்க,” என்று வாசித்தாள். “‘கலர் மஞ்சளடிக்குது சார். முகமெல்லாம் மெழுகு பொம்மை மாதிரி வழிச்சிவுட்டுட்டானுங்க. என் பழைய டிவிடியே மேல்.’”

தேவநாதன் சிரித்தார். “அவன் டிவியில செட்டிங் சரியில்ல. அடுத்தது?”

அடுத்ததை அமலா முதலில் மனதுக்குள் வாசித்தாள்.

“என்ன, நெட் போயிடுச்சா?”

“இல்லைங்க.” சத்தமாக வாசித்தாள். “‘ஐயா, படத்தைப் பற்றி நீங்கள் எழுதியதெல்லாம் சரி. அந்த எட்டு நிமிடம் வேண்டாம் என்று மட்டும் சொல்லாதீர்கள். 1997 ஆகஸ்டில் என் அம்மா விழுப்புரத்தில் ஒரு அலுவலக வாசலில் மூன்று நாள் நின்றார். இடுப்பில் நான். காலையில் திண்டிவனத்திலிருந்து முதல் பஸ், சாயங்காலம் திரும்பப் போவோம். அவர் தினமும் பின்பக்கக் கேட் வழியாகப் போய்விடுகிறார் என்று மூன்றாம் நாள் வாட்ச்மேன்தான் சொன்னார். இதை யாராவது படம் எடுத்திருந்தால் எத்தனை நிமிடம் வெட்டச் சொல்லியிருப்பீர்கள்?’”



“பேரு?” என்றார்.

“வெண்ணிலா. இனிஷியல் கா.”

அவர் குழந்தையின் பெயர் வெண்ணிலா என்பது அமலாவுக்குத் தெரியும். இனிஷியலில் தே இல்லை. கா. அம்மா காந்திமதியின் கா.

“அழிச்சிடு.”

“மூணு நாளு நின்னாங்களா?”

“அழிச்சிடுன்னேன். ஆளையும் குரூப்ல இருந்து எடுத்துடு.”

“காந்திமதியே போன்னு சொல்லிட்டாங்கன்னு சொன்னீங்களே. அவங்களுக்கும் உங்களைப் பிடிக்கல, அவங்க அண்ணன் வந்து கையோட கூட்டிக்கினு போயிட்டாருன்னு சொன்னீங்களே.”

“அமலா, கண்ணுல தையலோ என்னமோ போட்டு வெச்சிருக்கான். என்னைப் பேஜாரு பண்ணாத. இருபத்தேழு வருசம் ஆச்சி.”

அவள் கருத்தை அழிக்கவில்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள். அழிச்சிட்டியா என்று அவர் இரண்டு முறை கேட்டார். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். போனைத் தானே எடுத்துப் பார்க்கவும் அவரால் முடியவில்லை.

மறுநாள் வெண்ணிலாவுக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்பினாள். ‘நான் அமலா. உங்களைப் பார்க்க வேண்டும்.’ ஒரு மணி நேரம் கழித்துப் பதில் வந்தது. திண்டிவனத்தில் தான் வேலை செய்யும் ரத்தப் பரிசோதனை நிலையத்தின் விலாசம், மதியம் ஒன்றரை மணி. வேறு ஒரு வார்த்தை இல்லை.

அக்கா வீட்டுக்குப் போகிறேன் என்று தேவநாதனிடம் பொய் சொல்லிவிட்டு பஸ் ஏறினாள். விக்கிரவாண்டி டோல்கேட்டில் பஸ் நின்றபோது இறங்கித் திரும்பிவிடலாமா என்று தோன்றியது. கூட்டேரிப்பட்டு தாண்டும் வரைக்கும் அந்த நினைப்பு இருந்தது.

பரிசோதனை நிலையத்துக்கு எதிரில் ஒரு பேக்கரி. அங்கேதான் உட்கார்ந்தார்கள். வெண்ணிலா நர்சுகள் போடுகிற மாதிரி வெள்ளைக் கோட்டு போட்டிருந்தாள். நெற்றியும் புருவமும் அப்படியே தேவநாதன். அமலா அந்த முகத்தைப் பார்க்க முடியாமல் டீ கிளாசைப் பார்த்தாள்.

“சண்டை போட வந்தீங்களா? இல்ல, எழுதனதை எடுக்கச் சொல்ல வந்தீங்களா?” என்றாள் வெண்ணிலா.

“ரெண்டும் இல்லம்மா. அது நெசமான்னு கேக்க வந்தேன்.”

“பொய்யா எழுதறதுக்கு எனக்கு என்ன வந்துச்சி? எனக்கு ஞாபகம் இல்ல, சின்னப் புள்ள. அம்மா சொல்லித்தான் தெரியும். அதுவும் அம்மாவா சொல்லல. பெருமுக்கல் கிராமத்துல மாமா வீட்டுல ஒரு தடவை பேச்சு வந்துச்சி. அன்னிக்கித்தான் மாமி சொன்னாங்க. அம்மா எழுந்து உள்ள போயிட்டாங்க.”

“எனக்குத் தெரியாதும்மா. அவங்களே விலகிட்டாங்கன்னு சொன்னாரு.”

“தெரிஞ்சிருந்தா?”

அவரோடு போயிருக்க மாட்டேன் என்று சொல்வது அமலாவுக்குச் சுலபம். அந்தப் பெண்ணும் அதைத்தான் எதிர்பார்க்கிறாள், சொன்னதும் தூக்கி எறிவதற்காக.

“தெரிஞ்சிருந்தாலும் போயிருப்பேன்னுதான் நினைக்கிறேன்,” என்றாள். “அப்ப எனக்கு இருபத்தாறு வயசு. கண்ணு தெரியாம இருந்தேன். ஆனா தெரியாததைத் தெரியாதுன்னுதானே சொல்ல முடியும்.”

வெண்ணிலா நிமிர்ந்து பார்த்தாள். கோபம் போகவில்லை, ஆனால் முதல் தடவையாக அவளை ஒரு ஆளாகப் பார்க்கிற மாதிரி இருந்தது.

“அந்தக் குரூப்ல நான் நாலு வருசமா இருக்கேன்,” என்றாள். “அவரு எழுதறது எல்லாம் படிப்பேன். நல்லா எழுதறாரு. அதான் எரியுது. எந்தப் படத்துல யாரு அழுதாலும் இவருக்குப் புரியுது. இந்த ஒரு அம்மா அழுதா மட்டும் பார்வையாளனை வெளிய இழுத்துப் போடுதாம்.”

“ஞாயித்துக்கிழமை குரூப்ல இருக்கறவங்களுக்கு அந்தப் படத்தைப் போடறோம்மா. விழுப்புரத்துல லைப்ரரிக்குப் பின்னாடி இருக்கற ஹால்ல, காலையில பத்து மணிக்கு. வர்றியா?”

“எந்த டிஸ்க்கு?”

“மொதல் டிஸ்க்குதான் சொல்லியிருக்காரு.”

வெண்ணிலா சிரித்தாள். “அப்ப நான் எதுக்கு?” என்று எழுந்து, சாலையைக் கடந்து போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஹாலில் நாற்பது பேர் இருந்தார்கள். அமலா தேவநாதனைக் கையைப் பிடித்து அழைத்து வந்து முன்வரிசையில் உட்கார வைத்தாள். படம் பார்க்கக் கூடாது, கேட்கிறேன் என்று சொல்லித்தான் வந்திருந்தார். அவருக்கு அது வசனத்தோடு மனப்பாடம். ப்ரொஜெக்டரையும் பிளேயரையும் வழக்கமாக அவரே பார்த்துக்கொள்வார். இன்றைக்கு அமலா. பெட்டியைத் திறந்தாள். இரண்டு டிஸ்க்கும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. கதவைப் பார்த்தாள். வெண்ணிலா வரவில்லை. அவள் வந்தாலும் வராவிட்டாலும் ஒன்றுதான் என்று பட்டது. இரண்டாவது டிஸ்க்கைப் போட்டாள்.

இடைவேளை வரை ஒன்றும் நடக்கவில்லை. விளக்கு போட்டபோது கடைசி வரிசையில், சுவர் ஓரமாக வெண்ணிலா உட்கார்ந்திருப்பது தெரிந்தது. எப்போது வந்தாளோ. மறுபடி விளக்கை அணைத்தார்கள்.

பாலம் உடைந்தது. காதலர்கள் படகில் தப்பினார்கள். இசை அடங்கியது. தியேட்டர் பதிப்பில் அடுத்து வருவது குதிரைகளின் குளம்போசை. அதற்குப் பதிலாக ஒரு கதவு திறக்கும் சத்தம் கேட்டது, பிறகு ஒரு பெண்ணின் காலடி. வெளியே மழை.

தேவநாதனின் முதுகு நிமிர்ந்தது.

“அமலா. எதைப் போட்ட?”

“முழுப் படத்தை.”

“நிறுத்து.”

ரிமோட் அவள் மடியில் இருந்தது. அதன் மேல் கையை வைத்துக்கொண்டாள். அவர் எழுந்தார். பின்னாலிருந்து யாரோ, “சார், மறைக்குது, உக்காருங்க,” என்றார்கள். கறுப்புக் கண்ணாடியோடு அந்த இருட்டில் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் கை காற்றில் துழாவியது. அமலா அந்தக் கையைப் பிடிக்கவில்லை. நின்றது நின்றபடி ஒரு நிமிடம் இருந்து, மறுபடி நாற்காலியைத் தடவி உட்கார்ந்தார். மிச்ச நேரமெல்லாம் அந்த மழைச் சத்தம் ஹால் முழுக்க இருந்தது. அவரால் பார்க்க முடியாததால் அவருக்கு அது இன்னும் பெரிதாகக் கேட்டிருக்கும்.

படம் முடிந்ததும் வழக்கம்போலக் கருத்துச் சொல்லத் தொடங்கினார்கள். கண்ணையன் எழுந்து மஞ்சள் கலரைப் பற்றியே பேசினார். கல்லூரியில் ஆங்கிலம் நடத்தும் துர்கா, “எனக்கு அந்த ஆபீஸ் சீன்தான் படம். அது இல்லாம நான் மூணு தடவை பாத்திருக்கேன். அப்பல்லாம் இது ஒரு நல்ல காதல் கதை. இன்னிக்கிப் பார்த்தா வேற படம்,” என்றார். அது வந்ததும் படம் நொண்டுகிறது என்று இரண்டு பேர் மறுத்தார்கள். பேச்சு சூடானது.

வெண்ணிலா கையைத் தூக்கினாள்.

“நான் திண்டிவனத்துல இருந்து வர்றேன்,” என்று தொடங்கினாள். அந்தக் குரலை தேவநாதன் கேட்டதே இல்லை. ஆனால் ஊர்ப் பெயரைக் கேட்டதும் தலை திரும்பியது. “ரெண்டு பக்கமும் பேசிட்டீங்க. விமர்சனம் எழுதனவரு சொல்லட்டும். இன்னிக்கிக் கேட்டதுக்கு அப்பறமும் அந்த எட்டு நிமிசம் வேணாமா?”

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் எழுந்திருக்க நேரம் எடுத்தது. ஏதோ சமாளித்துப் பேசிவிடுவார் என்றுதான் அமலா நினைத்தாள். இருபத்தேழு வருடமாக அவர் பேச்சு அவளுக்குத் தெரியும்.

“பின்பக்கக் கேட்டு வழியா நான் மூணு நாளும் ஒடனே போயிடல,” என்றார். “மொத நாள் மட்டும்தான். மத்த ரெண்டு நாளும் மாடியில ஜன்னல் ஓரமா நின்னு பாத்துக்கினு இருந்தேன். ஆபீஸ் பூட்டற வரைக்கும். அப்பறம்தான் பின்பக்கமா போனேன். கொழந்தை தூங்கிப்போயி தோள்ல கெடந்தது. எறங்கி வரல.”

கண்ணையன் பக்கத்தில் இருந்தவரிடம், “இது எந்தப் படத்துலப்பா?” என்று மெதுவாகக் கேட்டார்.

“ஏன் வரல?” என்றாள் வெண்ணிலா. குரல் உடையவில்லை.

“வந்தா திரும்பிப் போயிடுவேன்னு பயம்.”

அமலாவுக்கு அது கன்னத்தில் அடித்த மாதிரி இருந்தது. அவள் அறிந்த கதையில் அவர் ஒரு நாளும் தயங்கியதில்லை.

வெண்ணிலா பையை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள். அமலா பின்னாலேயே ஓடினாள். பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் ஷேர் ஆட்டோவுக்கு அவள் கை காட்டிக்கொண்டிருந்தாள்.

“வெண்ணிலா.”

“எங்க அம்மாவுக்குத் தெரியாம வந்தேன்,” என்றாள் திரும்பாமலே. “வாசல்ல நின்னப்ப அவரு மேல இருந்து பாத்துக்கினு இருந்தாருன்னு போய்ச் சொல்லணுமா, வேணாமா? சொன்னா இன்னொரு தடவை உடைஞ்சிடுவாங்க. சொல்லலைன்னா நானும் மறைச்ச மாதிரி ஆயிடும்.”

“நான் என்ன சொல்றது? அதைச் சொல்றதுக்கு எனக்கு ரைட்டு இல்ல.”

“இல்லதான்.” ஆட்டோ வந்தது. ஏறி உட்கார்ந்த பிறகு, “டிஸ்க்கை மாத்திப் போட்டதுக்கு, தேங்க்ஸ்,” என்றாள். ஆட்டோ கிளம்பியது.

அமலா திரும்பி வந்தபோது ஹால் காலியாக இருந்தது. துர்கா மட்டும் அவருக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு நின்றார். அமலாவைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் போனார். தேவநாதன் அதே நாற்காலியில் இருந்தார்.

“போயிட்டாளா?”

“போயிட்டா.”

“என் மூக்கு வந்திருக்கா அவளுக்கு?”

“நெத்தி. மூக்கு அவங்க அம்மாவோடதா இருக்கும். எனக்குத் தெரியல.”

அவர் தலையை ஆட்டினார். பிறகு, “நீ ஒண்ணும் கேக்கலையே,” என்றார்.

“கேட்டு என்ன பண்றது. அந்த ஆகஸ்டு மாசம் தினமும் சாயங்காலம் ஆறரை மணிக்குப் புதுச்சேரிக்கு என்கிட்டதான் வந்தீங்க, நீங்க ஜன்னல்ல நின்ன ரெண்டு நாளும்கூட. பூ வாங்கிக்கினு வந்தீங்க. ஒரு நாள் நான் அதைத் தலையில வெச்சிக்கினு உங்ககூட பீச்சுக்கு வந்தேன். அதைத்தான் நினைச்சிக்கினு இருக்கேன்.”

அவர் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டார். கண்ணை அழுத்தக் கூடாது என்பது நினைவுக்கு வந்து அமலா அந்தக் கைகளை எடுத்துவிட்டாள்.

“நாளைக்கு அக்கா வீட்டுக்குப் போறேன்,” என்றாள். “இந்தத் தடவை நெசமாவே. எத்தனை நாளுன்னு தெரியாது.”

“திரும்பி வருவியா?”

“தெரியாதுன்னு சொல்றேன்ல.”

ப்ரொஜெக்டரின் வயரைச் சுருட்டிப் பையில் வைத்தாள். பிறகு அவரை எழுப்பி, தோளில் கை வைக்கச் சொல்லி, வெயிலுக்குள் மெதுவாக அழைத்துப் போனாள்.