தீர்த்தம்மாளின் நான்கு படங்கள்

அந்த வாரப் பத்திரிகையைப் பிரித்ததும் எனக்கு ரத்தம் கொதித்தது. டானிக் விளம்பரத்தில் இரண்டு படங்கள். முதலில் எலும்பும் தோலுமாக ஒரு பெண். பக்கத்தில் அதே பெண் பூசினாற்போல், கன்னம் மின்ன. ‘மெலிந்த உடம்பால் வெட்கமா? மூன்றே மாதத்தில் இப்படி ஆகலாம்’ என்று கீழே போட்டிருந்தான். இரண்டுமே கம்பைநல்லூர் ஹயாத் ஸ்டூடியோவில், அதாவது என் கடையில், நான் எடுத்தவை.

பூசினாற்போல் இருந்தது தீர்த்தம்மாளின் கல்யாணப் படம், அறுபத்தாறில் எடுத்தது. மற்றது எழுபத்தொன்றில், டி.பி. கண்ட பிறகு, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு எடுத்தது. ஒன்றில் புருஷனையும் இன்னொன்றில் பிள்ளையையும் வெட்டி எறிந்து, வருஷத்தையே திருப்பிப் போட்டுவிட்டான். சாம்பிளுக்கு என்று டானிக் கம்பெனி ஏஜென்ட் கேட்டபோது யோசிக்காமல் தூக்கிக் கொடுத்த முட்டாள் நான்தான்.

திட்டிவிட்டுச் சும்மா இருந்திருப்பேன். மறுவாரமே தீர்த்தம்மாள் அதே டானிக் பாட்டிலோடு வந்து நின்றாள். ஆஸ்பத்திரி ஊசியை நிறுத்திவிட்டாளாம்.

“பாய், இதைக் குடிச்சா பழையபடி ஆயிருவேனாமே.”

“அது உன் கல்யாணப் படம்மா. அப்ப நீ இதைக் கண்ணால பாத்ததே இல்லையே.”

“தெரியுதுங்க. இப்பத்தான் குடிக்கறேனில்ல. ஊசி போட்டுப் போட்டு என்ன ஆச்சு? எங்க வூட்டு நாத்தனாரே ஒட்டடைக்குச்சின்னு சிரிக்கறா. களை வெட்டப் போனா பொம்பளைங்க என் கையைப் புடிச்சுப் புடிச்சுப் பாக்கறாங்க.”

சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். எனக்குத் தெரிந்தது ஒரே தொழில். மாதாமாதம் வா, சும்மாவே படம் எடுக்கிறேன், டானிக் என்ன செய்கிறது என்று நீயே பார் என்றேன். ஒரே நாற்காலி, ஒரே சேலை, ஒரே வெளிச்சம். முகத்தைப் பூசி மெழுகும் டச்சிங் பென்சிலை நெகட்டிவ் பக்கமே கொண்டுபோகவில்லை. படத்தால் சொன்ன பொய்யைப் படத்தாலேயே உடைப்பேன் என்ற திமிர் எனக்கு. நான்கும் சேரட்டும் என்று ஒன்றையும் அவளிடம் காட்டாமல் வைத்திருந்தேன். அத்தனை நாளும் அவள் ஊசியில்லாமல் இருந்தாள் என்பது புத்தியில் ஏறவே இல்லை.

நான்காம் மாதம் கழுத்தெலும்பு வெளியே வந்துவிட்டது. ரவிக்கைக் கை தொளதொளத்தது. நான்கையும் பெரிதாகப் போட்டு, தெருவைப் பார்த்த கண்ணாடிப் பெட்டியில் வரிசையாக மாட்டினேன். சந்தைக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு எழுத்துத் தெரியாது என்று ஒரு எழுத்தும் எழுதவில்லை. ஒரு வாரம் பெண்கள் கூட்டம் கூட்டமாக நின்று பார்த்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. தீர்த்தம்மாளுக்கு ஆள் அனுப்பினேன்.

மூச்சு வாங்க வந்தவள் இடது ஓரப் படத்தில் விரலை வைத்து, ஒவ்வொன்றாக வலப்பக்கம் நகர்ந்தாள். முகம் மலர்ந்தது.

“தேறிட்டேன் பாருங்க பாய்.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சின்ன வயதிலிருந்து அரபியும் உருதும் வலமிருந்து இடமாக ஓதி வளர்ந்தவன். படங்களையும் வலக்கோடியிலிருந்தே மாட்டிப் பழகியிருந்தேன். எனக்கு அவள் இளைத்துக்கொண்டே போனாள். தெருவில் நின்ற அத்தனை பேருக்கும் தேறிக்கொண்டே வந்தாள். விளம்பரக்காரன் வஞ்சகமாகச் செய்ததை நான் இலவசமாகச் செய்திருந்தேன்.

பதறிப்போய்ப் பெட்டியைத் திறந்து வரிசையை மாற்றினேன்.

“இதாம்மா மொத மாசம். இது இப்ப எடுத்தது. நீ இளைச்சுக்கிட்டே போற. நாளைக்கே ஊசிக்குப் போ, நானே பஸ் ஏத்தி உடறேன்.”

அவள் என்னையும் படங்களையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“கம்பெனிக்காரன் மாத்திட்டான்னு நீங்கதான் சொன்னீங்க. இப்ப என் கண்ணு முன்னாடியே நீங்களும் மாத்தறீங்க. எது நல்லா இருக்குதோ அதை நம்பிக்கறேன், உடுங்க.”

அவள் நேராக எதிர்ச்சாரி மருந்துக் கடைக்குப் போனாள். படங்களை அன்றே கழற்றிவிட்டேன்.

கார்த்திகையில் இறந்துபோனாள். காரியம் முடிந்து, வீட்டில் மாட்டப் படம் கேட்டு அவள் புருஷன் சென்றாயன் வந்தான். நாற்காலியில் உட்காரச் சொன்னேன். உட்காராமல் நின்றபடியே அழுதான்.

“உங்க பெட்டியில நல்லாத் தேறித்தான் வந்தா பாய், ஊரே பாத்துச்சு. அதைப் பாத்துட்டுப் பொம்பளைங்க கடையில இருந்த பாட்டிலையெல்லாம் அள்ளிட்டுப் போயிட்டாங்க. அதுக்கப்புறம் இவளுக்குக் குடிக்க ஒண்ணுகூடக் கிடைக்கல. தருமபுரி போயாவது நான் வாங்கியாந்திருக்கணும். அறுப்பு அறுப்புன்னு இருந்துட்டேன். நாந்தான் அவளைக் கொன்னுட்டேன்.”