பொட்டு வைத்த டயர்

நான் இதைச் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்பதில் எனக்கே நம்பிக்கை இல்லை. சக்கரத்தடியில் வைத்த தேசிக்காய், அதாவது எலுமிச்சங்காய், முதலில் நசிந்ததா, டயர் முதலில் வெடித்ததா என்று கேட்டால் இப்போதும் தடுமாறுவேன். அன்று அங்கே நின்ற பதினைந்து பேரும் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். கோயில் வட்டாரத்தில் உலவும் கதையில் டயரை வெடிக்க வைத்தவன் நான், அதுவும் வாயால். அதை மட்டும் என்னால் உறுதியாக மறுக்க முடியும்.

தென் லண்டனில் மிச்சம் என்ற ஊரில் என் அக்கா சந்திரவதனாவின் வீட்டு முன்றலில் ஒரு கரவன் ஒன்பது வருடமாக நின்றது. காருக்குப் பின்னால் கொழுவி இழுத்துக்கொண்டு போய், போகிற இடத்தில் நிறுத்தி, உள்ளேயே சமைத்துப் படுத்து எழும்புகிற சக்கர வீடு. அத்தான் தில்லையம்பலம் அதை வாங்கியது கடல் பார்க்கவோ மலை பார்க்கவோ அல்ல. பக்கத்துத் தெரு டாக்டர் பாலசுப்பிரமணியன் ஒன்று வாங்கியிருந்தார், அவ்வளவுதான். டாக்டர் தன்னுடையதை வருடம் மூன்று தரம் வெளியே கொண்டுபோனார். அத்தான் தன்னுடையதைக் கழுவினார்.

அதற்குள் ஒருவரும் ஓர் இரவுகூடப் படுத்ததில்லை. மெத்தைகளின் பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தது. குளிக்கிற இடத்தில் ஆறு அரிசி மூட்டை, கட்டிலின் கீழே கோயிலின் பெரிய சமையல் கிடாரம் இரண்டு, நடுவில் நாற்பது மடக்குக் கதிரைகள். பெண் பிள்ளை பெரியவளான சாமத்திய வீடு, செத்தவருக்கு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி எதுவென்றாலும் கதிரை கேட்டு அங்கேதான் வருவார்கள். அத்தான் சாவியை விரலில் சுழற்றியபடி இறங்கி வருவார். அந்த நடைக்காகவே அவர் கதிரைகளைச் சேர்த்தார் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

வெள்ளிக்கிழமைகளில் இரண்டு டயர்களுக்கும் நல்லெண்ணெய் பூசுவார். கறுப்பு மினுங்கும். வாங்கிய அன்று ஐயர் வைத்த சந்தனப் பொட்டையும் குங்குமத்தையும் அதே இடத்தில் புதுப்பிப்பார்.

அக்கா முப்பது வருடம் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் நின்றவர். அவருக்கு ஒரேயொரு ஆசை இருந்தது. "ஒரு கிழமை, தம்பி. ஏழு நாளும் ஒருத்தருக்கும் தேத்தண்ணி போடாமல் கடலைப் பாத்துக்கொண்டு இருக்கோணும்." வெயில் தொப்பி ஒன்று வாங்கி, விலைச் சிட்டையும் கிழிக்காமல் அலுமாரியில் வைத்திருந்தார். ஒவ்வொரு கோடையும் பயணம் தள்ளிப்போனது. ஒரு வருடம் தேர்த்திருவிழா, ஒரு வருடம் அட்டமச் சனி, ஒரு வருடம் மழை வரும்போல இருந்தது. அக்கா வாதாடவில்லை. நானும்தான்.

பிறகு ஒருநாள் கோயில் அன்னதானப் பந்தியில் டாக்டர் வெள்ளை மனதோடு கேட்டுவிட்டார். "சார், உங்க கேரவன் இதுவரைக்கும் எங்கெல்லாம் போயிருக்கு?"

அத்தானின் கையில் அப்பளம் உடைந்தது. "வாற சனிக்கிழமை டெவன் கடலுக்குப் போறம், டொக்டர். பூசை வைக்கிறன், கட்டாயம் வாங்கோ."

அன்றிரவே அக்கா தொப்பியின் சிட்டையைக் கிழித்தார்.

நான் அக்கா வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் ஒரு டயர் கடையில் இருபத்திரண்டு வருடமாக வேலை செய்கிறேன். வேலை குறைந்த நேரங்களில் டயர் அடுக்கில் இருந்து புத்தகம் வாசிப்பேன். விருந்தினருக்கு அத்தான் என்னை "மச்சான் சுபாஸ்கரன், வாகனத்துறையில் இருக்கிறார்" என்று அறிமுகப்படுத்துவார். அந்தத் துறையில் என்ன வேலை என்று ஒருவரும் கேட்கக்கூடாது என்பதற்காக உடனே வடையை நீட்டுவார்.

புதன் மாலை காற்று அடிக்கப் போனேன். இடதுபக்க டயரின் பொட்டைப் பெருவிரலால் துடைத்தேன். அதன் கீழே நாலு இலக்கம் இருந்தது. முதல் இரண்டும் செய்த கிழமை, அதாவது வாரம், கடைசி இரண்டும் வருடம். 2314. இரண்டாயிரத்துப் பதினாலாம் ஆண்டின் இருபத்துமூன்றாவது கிழமை. பத்து வருடம். ரோட்டைப் பிடிக்கிற பூ வெட்டுகள் எல்லாம் ஆழமாக, புதுசாகத்தான் இருந்தன. ஆனால் பக்கச் சுவரில் விரல் வைத்து அமத்தியபோது, வறண்ட குளத்தின் சேறுபோல வெடிப்புகள் வாய் திறந்தன. எண்ணெய் அவற்றை மினுங்க வைத்திருந்ததே தவிர மூடவில்லை. எண்ணெய் றப்பருக்கு ஆகாது என்பது வேறு கதை.

கார் டயர் ஓடித் தேய்வதால் அதன் வயது கண்ணுக்குத் தெரியும். கரவன் டயர் அப்படியல்ல. ஒரே இடத்தில் முழுப் பாரத்தையும் சுமந்துகொண்டு, வெயில் தின்று, நின்றபடியே பழுதாகிவிடும். ஐந்து வருடத்தில் மாற்றுங்கள், ஏழு வருடத்தைத் தாண்ட விடாதீர்கள் என்று கடைக்கு வருகிற அந்நியர்களுக்கெல்லாம் தயங்காமல் சொல்கிறவன் நான்.

அன்று சொல்லவில்லை. மேலே ஜன்னலில் அக்கா சட்டைகளை அயர்ன் பண்ணிக்கொண்டிருந்தது தெரிந்தது. டயர் சரியில்லை என்று ஒரு வார்த்தை போதும், அத்தான் பத்தாவது வருடமும் பயணத்தைத் தள்ளிவிடுவார். சொல்லாவிட்டால் நெடுஞ்சாலையில் அறுபது மைல் வேகத்தில் இது வெடிக்கும், இழுக்கிற காரில் அக்கா இருப்பார். பொட்டைத் திரும்ப வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். அந்த இரவை நான் எப்படிக் கழித்தேன் என்பதைச் சொல்ல விருப்பமில்லை.

வியாழன் காலை போய்ச் சொன்னேன்.

"அத்தான், ரெண்டு டயரும் மாத்தோணும். பத்து வருசம். ரோட்டில வெடிக்கும்."

"இருநூறு மைல்கூட ஓடேல்லையடாப்பா! பூவைப் பார்."

"பூ இல்லை அத்தான், வயசுதான் கணக்கு. நாளைக்கு நானே கொண்டுவந்து மாத்தித் தாறன்."

"டயர் கடைக்காரன் வேற என்ன சொல்லுவான்? பல்லு டொக்டரிட்டப் போனால் பல்லைப் பிடுங்கு எண்டுதான் சொல்லுவான்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "வருசக்கணக்கா வாய் திறக்காதவன், பயணம் வைக்கேக்க பாத்து வெடிக்கும் எண்டு சொல்லுறியே. உன்ர நாக்கு நல்லா இருக்கா?"

அக்கா கதவடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "உண்மையோடா தம்பி?"

"ஓம் அக்கா."

அவர் உள்ளே போய்விட்டார். பைகளைப் பிரிக்கும் சத்தம் கேட்குமென்று காத்திருந்தேன். கேட்கவில்லை.

சனிக்கிழமை பத்து மணிக்குப் பூசை. ஐயருக்குக் குரோய்டனில் இன்னொரு கிரகப்பிரவேசம் இருந்ததால் மந்திரம் வேகமாகப் போனது. கரவனுக்கு மாலை, கார்க் கண்ணாடிக்கு விபூதி, சக்கரம் ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு தேசிக்காய். அரிசியையும் கதிரைகளையும் இறக்கச் சொன்னேன். "வந்து திரும்ப ஏத்துறது ஆர், நீயா?" என்றார் அத்தான்.

அக்கா தொப்பியோடு முன்னால் ஏறினார். அத்தான் ஜன்னலால் எல்லோருக்கும் கை காட்டி, பார்க்க ஆள் அதிகமாக நின்ற பக்கமாகவே வளைத்துத் திருப்பினார். கரவனின் இடதுசக்கரம் தேசிக்காயையும் நடைபாதை விளிம்பையும் ஒன்றாக ஏறி இறங்கியது. பீரங்கி வெடித்ததுபோல ஒரு சத்தம். கரவன் சரிந்தது, கதவு திறந்தது. நாற்பது கதிரைகளும் ஒன்றன்பின் ஒன்றாக, வரிசை குலையாமல், தெருவுக்கு இறங்கி வந்தன. எங்கள் ஆட்களைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். இரண்டு பேர் உடனே கதிரையை விரித்து உட்கார்ந்தார்கள்.

"நாவூறு!" என்றது ஒரு குரல். கண்ணூறு கண்ணால் படுவது என்றால் இது வாயால்.

"தேசிக்காய் வாடல்," என்றது இன்னொன்று.

"வியாழக்கிழமையே வெடிக்கும் எண்டு சொன்னவன் இவன்," என்று அத்தான் என்னைக் காட்டினார். பதினைந்து பேரும் என் வாயைப் பார்த்தார்கள்.

டாக்டர் மட்டும் குனிந்து மற்ற டயரின் பொட்டைத் துடைத்துப் பார்த்தார். "சார், இது பதினாலாம் வருஷத்து டயர். பத்து வருஷம் ஆச்சே. எப்பவோ மாத்தியிருக்கணும். ரோட்டுல வெடிச்சிருந்தா என்ன ஆயிருக்கும்?"

அத்தான் தலையாட்டினார். "பாருங்கோ, டொக்டர். இதை ஒருத்தரும் எனக்கு முதலே சொல்லேல்லை."

நான் வாய் திறந்தேன். பிறகு மூடினேன். அங்கே அதற்கு வேலை இருக்கவில்லை.

"சரி, இந்த ஒண்டை மாத்துவம். மற்றது நல்லாத்தானே இருக்கு," என்றார் அத்தான். "பயணம் அடுத்த வருசம் பாப்பம். சகுனம் சரியில்லை."

காரின் முன்கதவு திறந்தது. அக்கா இறங்கி, பின்னாலிருந்து தன் பையை மட்டும் இழுத்து எடுத்தார்.

"தம்பி, குரோய்டனில இருந்து கடல் உள்ள ஊருக்கு ட்ரெயின் இருக்குத்தானே?"

"ஈஸ்ட்போர்னுக்கு நேர ட்ரெயின் இருக்கு அக்கா."

"என்னை ட்ராமில ஏத்திவிடு. குரோய்டனை எனக்குத் தெரியும், விசாவுக்கு எத்தினை நாள் லைனில நிண்டனான்."

"இஞ்சேரும், வந்த ஆக்களுக்குத் தேத்தண்ணி?" என்றார் அத்தான்.

"கதிரை இருக்கு, அரிசி இருக்கு, கிடாரம் இருக்கு," என்றார் அக்கா. "போடுங்கோ."

ட்ராம் தரிப்பிடம் வரை பையை நான் தூக்கிக்கொண்டு போனேன். ட்ராம் வந்தபோது தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "நீ புதன்கிழமையே பாத்தனி, என்ன?" என்று கேட்டார். நான் ஓம் என்றேன். "அடுத்தமுறை உடன சொல்லு," என்றுவிட்டு ஏறினார்.

அக்கா ஈஸ்ட்போர்னில் ஏழு நாள் இருந்துவிட்டுத் திரும்பி வந்தார். இப்போது வருடம் இரண்டு தரம் தனியாகப் போகிறார். அத்தான் ஒரு டயரை மட்டும் மாற்றினார். கரவன் அதே இடத்தில் நிற்கிறது, வெள்ளிக்கிழமைகளில் எண்ணெயும் பொட்டும் நடக்கிறது. டாக்டர் பழையபடி வருடம் மூன்று தரம் போகிறார். ஐயர் வாகன பூசைக்குத் தேசிக்காயைத் தானே கொண்டுவருகிறார். நான் டயர் கடையில்தான் இருக்கிறேன். பூசை வைக்கிற வீடுகளுக்கு என்னைக் கூப்பிடுவதில்லை.