வியாழக்கிழமைகளில் வாடிய கன்று

என் கணவர் லெஸ்லியைக் காலை ஆறு மணிக்குப் படுக்கையிலிருந்து எழுப்பியது நானும் அல்ல, நான் அவருக்காகச் சொன்ன செபமாலையும் அல்ல. ஒரு கஞ்சாக் கன்று. இதை என் வாயாலேயே சொல்ல வேண்டி வந்துவிட்டதே என்று எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது.

லெஸ்லி இருபத்தேழு வருடம் கார் உதிரிப்பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்தவர். குவாலிட்டி கொன்ட்ரோல். செய்து வருகிற சாமானில் குறை பிடிப்பதுதான் தொழில். அங்கே அதற்குச் சம்பளம் கொடுத்தார்கள். வீட்டில் என் சமையலுக்கு அதை இலவசமாகச் செய்தார். போன வருடம் மாசி மாதம் தொழிற்சாலையை மூடினார்கள். அன்றைக்கு சோபாவில் போய்ப் படுத்தவர்தான். முதலில் பத்து மணிக்கு எழும்பினார், பிறகு பதினொன்று, பிறகு மத்தியானம். கதை பேச்சு எல்லாம் நின்றுபோனது. ஒருநாள் வேண்டுமென்றே கறிக்கு உப்புப் போடாமல் வைத்துப் பார்த்தேன். ஒரு சொல் சொல்லாமல் சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வைத்தார். அன்றைக்குத்தான் நான் குசினி அடுப்படியில் நின்று அழுதேன்.

மார்கழியில் அவருடைய பழைய வேலை ஜக்கெற்றின் பொக்கற்றிலிருந்து ஒரு சின்ன டப்பி விழுந்தது. கடைசி நாளன்று கூட வேலை செய்த பொடியன் ஒருவன் பகிடியாகக் கொடுத்த நான்கு கஞ்சா விதைகள். “இனி இதிலை குறை கண்டுபிடி” என்று சொல்லிக் கொடுத்தானாம். லெஸ்லி நான்கையும் மண்ணில் ஊன்றினார். மூன்று அழுகிப் போயின. ஒன்று முளைத்தது.

நான் சத்தம் போட்டேன். கனடாவில் ஒரு வீட்டுக்கு நான்கு கன்று வரை வளர்க்கலாம் என்று சட்டத்தைக் காட்டினார். அரசாங்கம் விடும், பேர்ணடெற் அக்கா விடுவாவா? ஒவ்வொரு புதன்கிழமையும் பின்னேரம் டொரொன்டோ வெக்ஸ்போர்ட் பகுதியில் எங்கள் வீட்டில்தான் செபமாலைக் குழு கூடும். ஏழு பெண்கள். நடத்துகிறவ பேர்ணடெற் அக்கா. செபத்தின்போது யாராவது கொட்டாவி விட்டாலே திரும்பிப் பார்க்கிறவ.

இத்தனைக்கும் லெஸ்லி அதைப் பற்றவைக்கிற ஆள் இல்லை. சாம்பிராணிப் புகைக்கே இருமுகிறவர். அவருக்கு வளர்க்க வேண்டும், அவ்வளவுதான். சின்ன அறையில் உள்ள அலுமாரிக்குள் ஒரு லைற், ஒரு காற்றாடி, யோகட் வாளியில் மண். லைற்றைப் போடுவதற்காக ஆறு மணிக்கு எழும்பத் தொடங்கினார்.

“கிளடிஸ், இன்னொரு இலை விட்டிட்டுது” என்று ஒருநாள் குசினி வாசலில் வந்து நின்று சொன்னார்.

“அதுக்கிப்ப என்ன செய்யச் சொல்லுறியள்?” என்று பாய்ந்தேன். அவர் போன பிறகு, அவருக்குத் தெரியாமல் சிலுவை போட்டுக்கொண்டேன்.

தை கடைசியில் கன்றுக்கு வருத்தம் வந்தது. ஒரு சாண் உயரத்தில் வளர்ச்சி நின்றது. இலைகள் கீழே தொங்கின, அடியிலை மஞ்சளாகியது. மண்ணைச் சுற்றிப் பொட்டுப் பொட்டாகப் பூச்சி பறந்தது.

லெஸ்லி கொப்பி ஒன்றை எடுத்துத் தொழிற்சாலையில் செய்தது போலக் கோடு போட்டார். திகதி, குறை, சந்தேகம், செய்தது. லைற் கிட்ட இருக்கிறது என்று அதை உயர்த்தினார். பசளை உரம் கூடிவிட்டது என்று நிற்பாட்டினார். குழாய்த் தண்ணீரில் புளிப்பு எவ்வளவு என்று கடதாசித் துண்டை நனைத்துப் பார்த்தார். பூச்சிக்கு மஞ்சள் நிறப் பசை மட்டை தொங்கவிட்டார். இலை தொங்குவதைப் பார்த்துத் தாகம் என்று நினைத்துத் தண்ணீரும் விட்டார். ஒன்றுக்கும் கேட்கவில்லை.

மூன்றாம் கிழமை கொப்பியை என் முன்னால் விரித்தார்.

“இஞ்சை பாருமப்பா. திங்கள், செவ்வாய், புதன் கொஞ்சம் கொஞ்சமாத் தெளியுது. வியாழன் விடிய விழுந்து கிடக்குது. மூண்டு கிழமையும் அப்பிடித்தான்.”

“கண்டுக்குக் கிழமை தெரியுமே?” என்றேன்.

“கண்டுக்குத் தெரியாது. ஆருக்கோ தெரியும்.”

அந்தப் புதன்கிழமை நான்கு மணிக்கு என்னுடைய கேக் மா நிறுக்கும் தராசில் வாளியை வைத்து நிறுத்தார். வியாழன் காலை திரும்ப நிறுத்தார். எழுநூறு கிராம் கூடியிருந்தது.

“மண் ஒரே இரவிலை கொழுக்குமோ?” என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நான் வெட்டிக்கொண்டிருந்த வெங்காயத்தைப் பார்த்தேன்.

ஏனென்றால் குற்றவாளி நான். புதன்கிழமைகளில் குழுவுக்கு மஞ்சள் சோறு ஆக்குவேன். அரிசி கழுவிய தண்ணீரை வீணாக்குகிற பழக்கம் என்னிடம் இல்லை. எங்கள் கறிவேப்பிலை பன்னிரண்டு வருடமாக டொரொன்டோப் பனிக்காலத்தை அந்தத் தண்ணீரில்தான் கடக்கிறது. அதைப் பார்த்து மார்க்கம் நகரத்திலிருந்துகூடக் கன்று கேட்டு வருகிறார்கள். இந்தப் பாவப்பட்ட கஞ்சாவுக்கும் ஒரு கோப்பை ஊற்றினால் என்ன என்று, லெஸ்லி குளிக்கப் போகிற நேரத்தில் ஊற்றி வந்தேன். வாயால் திட்டிவிட்டுக் கையால் ஊற்றினேன். அதுதான் என் சுபாவம்.

அடுத்த புதன்கிழமை ஒரு சொட்டும் ஊற்றவில்லை. அரிசித் தண்ணீரை மனம் நோகத் தொட்டிக்குள் விட்டேன். வியாழன் காலை தராசு நானூற்றைம்பது கிராம் கூடக் காட்டியது. கன்று முந்திய கிழமையை விட மோசமாகக் கிடந்தது.

அன்றைக்கு லெஸ்லி கன்றைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து படுத்துவிட்டார். எட்டு மணி ஆகியது. ஒன்பது ஆகியது. போர்வையைத் தலைக்கு மேலே இழுத்து, “நாளைக்குப் பாப்பம்” என்றார். அந்தச் சோபா, அந்த உப்பில்லாத கறி, எல்லாம் திரும்பி வரப் போகிறது என்று பயந்தேன். வெட்கத்தை விட்டு, கட்டில் ஓரத்தில் இருந்து உண்மையைச் சொன்னேன்.

“அரிசித் தண்ணி நான்தான் ஊத்தினனான். நாலு கிழமையும். நேற்று ஊத்தேல்லை, சத்தியமா.”

போர்வை மெல்ல இறங்கியது. ஏசப்போகிறார் என்று பார்த்தால், கையை நீட்டிக் கொப்பியைக் கேட்டார்.

“ஒரு கோப்பையோ? இருநூற்றைம்பது.” எழுநூறில் அதைக் கழித்தார். “சரி. நானூற்றைம்பது மிஞ்சுது. நேற்றுக் கூடினதும் நானூற்றைம்பது.” எழும்பி உட்கார்ந்தார். “நேற்று ஆர் ஆர் வந்தவை?”

ஏழு பெண்களும் வந்திருந்தார்கள். வந்ததும் எல்லாரும் குளிர் கோட்டுகளைக் கழற்றிச் சின்ன அறைக் கட்டிலில் குவித்துவிட்டு வருவார்கள். அலுமாரிக் கதவு சாத்தித்தான் இருக்கும். ஆனால் கதவுக்குக் கீழே கலியாண வீடு மாதிரி வெளிச்சம் அடிக்கும் என்பதை நான் யோசிக்கவேயில்லை.

அடுத்த புதன்கிழமை லெஸ்லி அந்தக் கட்டிலுக்குப் பின்னால் நிலத்தில், ஒரு தலையணை போட்டு ஒளித்திருந்தார். மேலே கோட்டு மலை. நான் ஹோலில் முழங்காலில் இருந்தேன். வழக்கமாகக் கண்ணை மூடிச் செபிக்கிறவள் அன்றைக்கு ஒரு கண்ணைத் திறந்து வைத்திருந்தேன். மாதா மன்னிக்க வேண்டும்.

செபமாலையின் முதலாம் காரணிக்கம், அதாவது முதல் பத்து மணிகள், முடிந்ததும், குழுவில் இளையவளான நிரோஷினி எழும்பினாள். “அன்ரி, கோட்டுக்குள்ளை போனை விட்டிட்டன்” என்று கிசுகிசுத்துவிட்டுப் போனாள். இரண்டாவதில் ஒருத்திக்கு டிஷ்யூ தேவைப்பட்டது. மூன்றாவதில் ஒருத்திக்குக் கண்ணாடி. அடுத்தடுத்து இன்னும் மூன்று பேர். எனக்கு எண்ணிக்கை தவறி ஒரு காரணிக்கத்தில் பத்துக்குப் பதிலாகப் பதின்மூன்று அருள் நிறைந்த மரியே சொன்னேன். இத்தனை பேர் என் முன்னாலேயே போய் வந்திருக்கிறார்கள், நான் கண்ணை மூடிக்கொண்டு மோட்சத்தைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

கடைசியில் பேர்ணடெற் அக்காவே எழும்பினா. “இருமல் மருந்து” என்றா. அவ இருமி நான் கேட்டதே இல்லை.

அரை நிமிடத்தில் சின்ன அறையிலிருந்து “யேசுவே!” என்று ஒரு அலறல். எல்லாரும் ஓடினோம். கோட்டுகளுக்கு நடுவிலிருந்து லெஸ்லியின் தலை எழும்பியிருந்தது. அலுமாரிக்கு முன்னால் அக்கா நெஞ்சில் ஒரு கை வைத்து நின்றா. மற்றக் கையில், மாதா உருவம் போட்ட பிளாஸ்ரிக் போத்தில். அது பாதி காலியாக இருந்தது.

லெஸ்லி வாளியைத் தூக்கிக்கொண்டு ஹோலுக்கு வந்தார். ஏழு பேரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போலச் சுவரோரமாக நின்றார்கள்.

“ஆர் ஆர் ஊத்தினனீங்கள்? கையைத் தூக்குங்கோ.”

ஒரு கை, இரண்டு கை. ஏழும் உயர்ந்தன. ஒருவரை ஒருவர் பார்த்து முழித்தார்கள். ஒவ்வொருத்தியும் தனக்கு மட்டுந்தான் தெரியும், தான் மட்டுந்தான் ஊற்றுவது என்று நினைத்திருக்கிறாள்.

“அங்கிள், லீவ்ஸ் எல்லாம் ட்ரூப்பி, சோ சாட்! நீங்க மறந்திட்டீங்க எண்டு நினைச்சன்” என்றாள் நிரோஷினி. “என்ரை வோட்டர் பொட்டிலாலை கொஞ்சம்தான்.”

“அக்கா, நீங்களுமோ?” என்று நான் கேட்டேன். “உது என்ன கண்டெண்டு தெரியுமோ உங்களுக்கு?”

“எனக்குக் கண் தெரியும், கிளடிஸ்” என்றா பேர்ணடெற் அக்கா. “கோடையிலை மிட்லண்ட் கோயிலுக்குப் போகேக்கை எடுத்துவந்த ஆசீர்வதிச்ச தண்ணி. கிழமைக்குக் கொஞ்சம் விட்டனான்.”

“கஞ்சாவுக்கோ?”

அக்கா என்னைப் பார்க்கவில்லை. லெஸ்லியைப் பார்த்தா.

“போன வருசம் முழுக்க நாங்கள் வரேக்கை நீர் போர்வைக்குள்ளை கிடப்பீர். இவ எங்களுக்கு ஒண்டும் சொல்லமாட்டா, சோத்தைப் போட்டிட்டுச் சிரிப்பா. தை மாசம் ஒருநாள் நீர் வந்து கதவைத் திறந்தனீர். என்ரை பூட்ஸைப் பாத்து, தையல் விட்டுப் போச்சுது, தண்ணி போகும் எண்டு சொன்னனீர். நான் வீட்டை போய் அழுதனான், லெஸ்லி. பிறகு கோட் வைக்கப் போன இடத்திலை வெளிச்சத்தைக் கண்டு, கதவைத் திறந்து பாத்தன். உது செத்தால் நீர் திரும்பப் படுத்திடுவீர் எண்டு எனக்குப் பயம். வேறை என்ன செய்ய?”

நான் ஒரு வருடமாக மறைத்து வைத்த ஒரே பயத்தை அக்கா நடு ஹோலில் போட்டு உடைத்துவிட்டா. மானம் போனது என்று கோபம் வர வேண்டும். வரவில்லை. தனியாகச் சுமந்ததை யாரோ ஒரு கை பிடித்தது போல ஆறுதலாக இருந்தது.

லெஸ்லி மேசையில் பேப்பரை விரித்து, வாளியைக் கவிழ்த்து, கன்றை மண்ணோடு எடுத்தார். வெள்ளையாக இருக்க வேண்டிய வேர் மண்ணிறமாக வழுவழுத்துக் கிடந்தது. “மணந்து பாருங்கோ” என்றார். பேர்ணடெற் அக்காவிலிருந்து வரிசையாக எல்லாரும் குனிந்து முகர்ந்தார்கள். சாக்கடை மணம்.

“தண்ணி காணாட்டியும் இலை தொங்கும், தண்ணி கூடினாலும் இலை தொங்கும். இலையைப் பாக்கக்கூடாது. விரலை ரெண்டாம் மடிப்பு வரைக்கும் மண்ணுக்குள்ளை விடவேணும். ஈரமெண்டால் கையை எடுத்துக்கொண்டு போகவேணும். வாளியைத் தூக்கி நிறை பாக்கவேணும்…”

இருபது நிமிடம் பேசினார். கேள்வி கேட்டார்கள், பதில் சொன்னார். ஒருத்தி தன் மணிபிளான்ற் பற்றிக் கேட்டாள். மஞ்சள் சோறு ஆறியது. ஐந்தாம் காரணிக்கம் நடுவில் நின்றபடியே நின்றது. பத்து மாதத்தில் அவர் பேசாமல் விட்டதெல்லாம் அந்த மேசையில் கொட்டுவதை நான் வாசலில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அழுகிய வேரை வெட்டி, காய்ந்த மண்ணில் கன்றை வைத்தார். “விடியத் தெரியும்” என்றார். அவர் முகத்தைப் பார்த்து அது தப்பாது என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

வியாழக்கிழமை. கண் விழித்தபோது மணிக்கூடு ஆறு காட்டியது. நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தேன். கட்டில் அசையவில்லை. ஆறு ஐந்து. அசையவில்லை. மாதாவே, கஞ்சாவுக்காகக் கேட்கிறேன் என்று நினைக்காதேயும், இவர் எழும்பட்டும் என்று மனதுக்குள் சொன்னேன். ஆறு பத்துக்குத் துணிந்து திரும்பிப் பார்த்தேன். அவருடைய பக்கம் வெறுமையாக இருந்தது.

குசினி மேசையில் கொப்பி திறந்து கிடந்தது. கடைசி வரிசையில், அவருடைய கட்டை எழுத்தில்:

குறை: கன்று இறப்பு. காரணம்: தண்ணீர் கூடியது. ஊற்றியவர்கள்: எட்டுப் பேர், நானும் சேர்த்து ஒன்பது. நடவடிக்கை: யார் மீதும் வேண்டாம்.

வாசலில் லெஸ்லி குனிந்து பூட்ஸ் போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு பிளாஸ்ரிக் பையில் என் தராசு.

“என்ரை தராசை எங்கை கொண்டு போறியள்?”

“பேர்ணடெற் அக்கான்ரை கறிவேப்பிலை இலை கொட்டுதாம். எட்டு மணிப் பூசைக்கு முதல் வரச் சொன்னவ.”

“கண்டு…”

“செத்துப் போட்டுது. அஞ்சு மணிக்கே பாத்திட்டன்.” நிமிர்ந்து நின்று, தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டார். முகத்தில் கவலை இருந்தது. ஆனால் மனிதர் நின்றுகொண்டிருந்தார்.

கதவைத் திறந்தார். வெளியே முழங்கால் அளவு பனி. ஒரு படி இறங்கியவர் எதையோ மறந்தவர் போலத் திரும்பினார்.

“கிளடிஸ், நேற்றையான் சோத்துக்கு உப்புக் காணாது.”

உப்புச் சரியாகத்தான் இருந்தது. அவர் படி இறங்கிப் போன பிறகு சிலுவை போட்டுக்கொண்டேன்.