அண்ணியின் கழுத்தளவு

அவள் வேலை பார்த்தது மருந்துக்கடையில். மாத்திரை எண்ணும் தட்டு ஒன்று வீட்டிலும் இருந்தது. அங்கே அதில் அவள் எண்ணியது முத்துகள். வளர்ப்பு முத்துதான். சிப்பிக்குள் மனிதன் ஒரு மணியை வைத்துவிட்டு, சிப்பி அதன் மேல் பூச்சு பூசப்பூசக் காத்திருந்து எடுப்பது. வேலை போக மிச்ச நேரமெல்லாம் அதைப் பற்றிப் படிப்பாள், வாங்குவாள், தரம் பிரிப்பாள். வீட்டில் 'முத்துப் பைத்தியம்' என்று பெயர் வைத்தாயிற்று. அவளும் அந்தப் பட்டத்தைப் பெருமையாகவே சுமந்தாள்.

சொந்தக்காரர்களுக்கு மாலை அறுந்தால் அவளிடம்தான் வருவார்கள். அப்படித்தான் அண்ணியும் தன் ஒற்றைச்சர மாலையைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

"நூல் நைஞ்சு போச்சு. நீ கோத்தா எனக்குக் கவலையில்ல."

அண்ணி பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுப்பவள். முத்தை எண்ணிக்கூடத் தரவில்லை.

பழைய நூலைக் கத்தரித்து, துளை ஓரத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தவள், துடைத்துவிட்டு இன்னொரு முறை பார்த்தாள். பூச்சு அவ்வளவு தடிப்பு. அதோடு அந்த வெளிர் ரோஜா மினுக்கு. அவள் தனக்கென்று கோத்துக்கொண்டிருந்த கைச்சங்கிலி, இதே நிறத்தில் மூன்று முத்து கிடைக்காமல்தான் பாதியில் நின்றது. தேடாத கடையில்லை. அண்ணிக்கு இதன் மதிப்பு எங்கே தெரியப்போகிறது, சட்டைப் பொத்தானுக்கும் இதற்கும் அவளிடம் ஒரே மரியாதைதான் என்று மனம் நன்றாக வக்காலத்து வாங்கியது. மூன்றை எடுத்துக்கொண்டாள். திருட்டு என்ற சொல்லை மட்டும் மனசுக்குள்கூடச் சொல்லிப் பார்க்கவில்லை.

முத்துக்கு முத்து முடிச்சுப் போட்டுக் கோத்துத் திருப்பிக் கொடுத்தபோது, அண்ணி போட்டுப் பார்த்தாள்.

"கழுத்தைப் பிடிக்குதே?"

"புதுப் பட்டுநூல் அண்ணி. போகப்போக இளகிடும்."

பட்டுநூல் இளகும் என்பது உண்மைதான். படித்துத் தெரிந்துகொண்டதை வைத்தே பொய் சொன்னதுதான் பிறகு அவளை அரித்தது. கைச்சங்கிலி முடிந்தது, ஒருநாள்கூடக் கட்டிக்கொள்ள மனசு வரவில்லை. அலமாரியைத் திறக்கவே கூசியது. மாலையை மறுபடி வாங்கி மூன்றையும் சேர்த்துவிடலாம் என்று அண்ணன் வீட்டுக்குக் கிளம்பினாள். என்ன சாக்குச் சொல்லிக் கேட்பது என்று தெரியாமல் பாதி வழியில் திரும்பிவிட்டாள்.

சில வாரம் கழித்து அண்ணியே மருந்துக்கடைக்கு வந்தாள். முகம் வாடிக் கிடந்தது. கைப்பையிலிருந்து மாலைப் பெட்டியை எடுத்துக் கவுன்டர் மேல் வைத்தாள்.

"இது இனி எனக்கு ஆகாது. நூல் இளகும்னு பாத்தேன், நான்தான் இளைக்கணும் போல. உங்கண்ணன் வேற கிண்டல் பண்றாரு. நீயே வச்சுக்கோ. ஒல்லிக் கழுத்து, உனக்குச் சரியா இருக்கும்."

வாங்கிக்கொண்டால் விஷயம் அதோடு முடிந்துவிடும். இனி யாரும் எண்ணிப் பார்க்கப்போவதில்லை. அந்தக் கணக்கு எவ்வளவு சீக்கிரம் தன் மனசில் ஓடுகிறது என்று பார்த்தபோது அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பு வந்தது.

"உங்க கழுத்து பெருக்கல அண்ணி," என்றாள். "மாலைதான் சின்னதாச்சு. மூணு முத்தை நான் எடுத்துக்கிட்டேன்."

அண்ணி பெட்டியைப் பார்த்தாள், பிறகு அவளைப் பார்த்தாள். கத்துவாள், நாலு பேருக்கு முன்னால் மானத்தை வாங்குவாள் என்று அவள் காத்திருந்தாள். அப்படி நடந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"அப்போ," என்று அண்ணி மெதுவாகக் கேட்டாள், "இத்தனை நாளா நான் ராத்திரி சாப்பிடாம படுத்தேனே, அது எதுக்கு?"