டிக்ரானுக்கு விழாத இரண்டு ஓட்டு

பத்தாவது சீட்டை வாசிக்கும்வரை தாதெவோஸின் முகம் மலர்ந்துதான் இருந்தது. பத்திலும் ஒரே பெயர்: டிக்ரான் பெத்ரோசியான்.

யெரெவானில் ஒரு பூட்ஸ் தொழிற்சாலையின் செஸ் குழு கூடி, உலகத்தில் இதுவரை பிறந்த ஆட்டக்காரர்களிலேயே பெரியவர் யார் என்று ரகசிய ஓட்டெடுப்பு நடத்தினால் வேறு என்ன பெயர் வரும்? அறுபத்துமூன்றில் டிக்ரான் உலகப் பட்டம் வென்றபோது பிறந்த பையன்களெல்லாம் டிக்ரான்கள். இந்தப் பதின்மூன்று வருஷத்தில் அவர்கள் வளர்ந்து, தெருவில் நின்று ஒரு முறை பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஆறு ஜன்னல் திறக்கும் நிலைமை வந்துவிட்டது. ஒருமனதாகத் தேர்வு என்று சுவர்ப்பத்திரிகையில் போடத் தலைப்பைக்கூட தாதெவோஸ் முன்னாலேயே எழுதி வைத்துவிட்டார். அவர்தான் குழுத் தலைவர். பகலில் தரப் பரிசோதகர். தையல் ஒரு நூல் பிசகினாலும் பூட்ஸைத் தூக்கி எறிகிற ஆள்.

பதினோராவது சீட்டைப் பிரித்தார். மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளினார்.

"கபாபிளாங்கா" என்றார், வாயில் ஈ போனவர் போல.

முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த அர்மெனாக்கும் மற்றவர்களோடு சேர்ந்து திரும்பித் திரும்பிப் பார்த்தார். எந்தப் பாவி என்று தேடுகிற பார்வை. அந்தப் பாவி அவர்தான். தோல் வெட்டும் பிரிவின் மேஸ்திரி, பன்னிரண்டு வருஷமாகக் குழுவின் முதல் பலகை, அதாவது போட்டிகளில் எதிரணியின் முதல் ஆட்டக்காரரோடு மோதுகிறவர். டிக்ரான்மேல் அவருக்கு உயிர். ஆனால் பேனாவை எடுத்ததும், எட்டு வயதில் அட்டை கிழிந்த புத்தகத்தில் பார்த்த அந்தக் கியூபாக்காரரின் ஆட்டங்கள் கண்முன்னால் வந்துவிட்டன. வேர்வையே சிந்தாமல் ஆடுகிற மனுஷன். ரகசிய ஓட்டுத்தானே, யாருக்குத் தெரியப்போகிறது என்று எழுதிவிட்டார். ஒரு ஓட்டு எங்கே ஒளியும் என்று யோசிக்கவில்லை. பன்னிரண்டு சீட்டில் ஒரு சீட்டு எங்கேயும் ஒளியாது.

பன்னிரண்டாவது சீட்டைப் பிரித்த தாதெவோஸ் வாசிக்கவில்லை. நேராக அர்மெனாக்கைப் பார்த்தார்.

"இதுல உன் பேர் இருக்கு."

"என்னது?"

"உலகத்துலயே பெரிய ஆட்டக்காரர். அர்மெனாக். அதுவும் இடது கையால எழுதி. எழுத்து கோணிக்கிட்டு நடுங்குது. கையெழுத்து தெரியக்கூடாதுன்னு பண்ணின வேலை."

பின்னால் யாரோ இருமினார்கள். அந்த இருமலுக்குள் ஒரு சிரிப்பு இருந்தது. இரண்டாம் பலகைக்காரன் ஷவார்ஷ் சூரியகாந்தி விதையின் தோலை நிதானமாகத் துப்பினான்.

"விடுங்கய்யா. அவன் வீட்ல கண்ணாடி பெரிசு. தினம் பார்த்துப் பார்த்து அவனே நம்பிட்டான்."

"நான் எழுதல" என்றார் அர்மெனாக்.

"அப்ப யாருக்குப் போட்ட?"

தனக்கே ஓட்டுப் போட்டவன் கர்வி. டிக்ரானுக்குப் போடாதவன் யார் என்பதற்கு அந்த ஊரில் இன்னும் வார்த்தை கண்டுபிடிக்கவில்லை. ஒன்றை மறுக்க இன்னொன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரே குதிரை ராஜாவையும் ராணியையும் சேர்த்து மிரட்டுகிற மாதிரி.

"ரகசிய ஓட்டு. சொல்ல மாட்டேன்."

அவ்வளவுதான், ஊர்ஜிதமாகிவிட்டது. வெள்ளிக்கிழமை கூட்டத்தில் விசாரித்து முடிவெடுப்போம் என்றார் தாதெவோஸ். ஞாயிறு லெனினகான் நெசவாலைக்காரர்களோடு வருடாந்தரப் போட்டி. முதல் பலகையில் யார் உட்காருவது என்பதும் அன்றைக்குத்தான் முடிவாகும் என்று ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார்.

வீட்டில் மனைவி சத்தெனிக், காப்பி கிண்டிக்கொண்டே கதை முழுவதையும் கேட்டாள்.

"நெஜமாச் சொல்லுங்க. நீங்களே எழுதிட்டீங்களா?"

"நீயுமா?"

"இல்ல, போன வாரம் தூக்கத்துல 'யாரும் எங்கிட்ட நிக்க முடியாது'ன்னு சொன்னீங்க. அதான் கேட்டேன்."

அர்மெனாக்குக்கு ஒரு நிமிஷம் தன்மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. கூட்டத்துக்கு முன்னால் ஒரு கிளாஸ் குடித்தது உண்மை. ஒரு கிளாஸில் ஒருவன் எழுதின பெயரை மறக்கலாம். இரண்டாவதாக ஒரு சீட்டு எழுதினதையே மறக்க அரை பாட்டிலாவது வேண்டும். கணக்கு உதைத்தது. இது ஷவார்ஷின் வேலை என்று முடிவு கட்டினார். முதல் பலகை யாருக்கு வேண்டும்? இரண்டாம் பலகைக்காரனுக்கு. சிறு பிள்ளை போடுகிற செக்மேட்.

மறுநாள் காலையில் தாதெவோஸைக் கெஞ்சி அந்தச் சீட்டை வாங்கிப் பார்த்தார். எழுத்து ஊதா நிறம். நாக்கில் தொட்டு எழுதினால் ஊதாவாகிற பென்சில். பார்சல்மேல் எழுத கிடங்கில் வைத்திருப்பார்களே, அது. ஷவார்ஷ் யார்? கிடங்குக்காரன். அர்மெனாக் படி இறங்கிய வேகத்துக்கு வயசு ஐம்பத்தெட்டு என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

"ஏன்டா என் பேரை எழுதின?"

ஷவார்ஷ் ஒரு பெட்டியின்மேல் உட்கார்ந்து, சப்பாத்திபோல் மெல்லிசான லவாஷ் ரொட்டியில் பாலாடைக்கட்டியைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

"நானா? உன் பேரை நான் எழுதணும்னா உன் சாவு நோட்டீஸ்லதான் எழுதுவேன். அதையும் சந்தோஷமா எழுதுவேன்."

"ஊதா பென்சில்டா. உன் கிடங்குப் பென்சில்."

"எங்க காட்டு பாப்போம். மூணு மாசமா அந்தப் பென்சில் வரல. பாரு, பெயிண்ட்ல எழுதிட்டிருக்கேன்." பெட்டிகளெல்லாம் கறுப்புப் பெயிண்டில் கொட்டை எழுத்தாக இருந்தன. "அர்மெனாக் கண்ணா, உனக்குப் போட்டுக்கிட்டது தப்பில்ல. ஒரு ஓட்டுதான் விழுந்துச்சேன்னுதான் எனக்கு வருத்தம். உன் பொண்டாட்டியையும் உறுப்பினரா சேர்த்திருக்கலாம்."

நல்ல பதில்கள் எல்லாம் அர்மெனாக்குக்குப் படியேறும்போதுதான் தோன்றும். அன்றைக்கு அதுகூட இல்லை. மதியத்துக்கு இன்னும் நேரமிருந்தும், மனசு ஆறுவதற்காக பாய்லர் அறைக்கு நடந்தார்.

பாய்லர் பார்க்கிற நிஷானும் குழுவில் ஒருவர்தான். ஆனால் இரண்டு வருஷமாக அங்கே ஆடுவதில்லை. கண் சரியில்லை என்று சொல்லி, நாற்காலி போட்டுவிட்டு நின்று பார்ப்பார். கண்ணில் ஒரு கோளாறும் இல்லை. கைதான் நடுங்கும். குழுவில் காயைத் தொட்டால் ஆடியே ஆக வேண்டும்; அந்தச் சட்டத்தில் தாதெவோஸ் தன் தாய்க்கும் சலுகை தர மாட்டார். மந்திரியை எடுக்கப் போன நிஷானின் விரல் பக்கத்துக் குதிரையைத் தட்டும். குதிரையை ஆட வேண்டும். ஆட்டம் போகும். அதனால் மதிய இடைவேளையில் பாய்லர் அறையில் இருவரும் வேறு மாதிரி ஆடுவார்கள். நிஷான் வாயால் சொல்வார். இரண்டு பக்கத்துக் காய்களையும் அர்மெனாக்கே நகர்த்துவார். விஷயம் வெளியே யாருக்கும் தெரியாது. பாய்லர் வேலைக்கு ஐம்பத்தைந்திலேயே பென்ஷன், அதற்கு எட்டு மாசம் இருக்கிறது; நடுங்குகிற கையை பாய்லர் பக்கத்தில் ஒரு நாள்கூட வைத்திருக்க மாட்டார்கள். வால்வுச் சக்கரம் லாரி ஸ்டியரிங் அளவு இருக்கும், இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தால் நடுக்கம் அடங்கிவிடும் என்பதையெல்லாம் எந்த அதிகாரியும் கேட்க மாட்டான்.

அர்மெனாக் நுழைந்தபோது நிஷான் முதுகைக் காட்டியபடி, சுவரில் தொங்கிய நோட்டில் அழுத்த அளவு எழுதிக்கொண்டிருந்தார். பென்சிலை நாக்கில் தொட்டார். எழுதினார். மறுபடி தொட்டார். கோணல் கோணலாக, குளிரில் நடுங்குகிற கோழிக்குஞ்சுகள்போல ஊதா எழுத்துகள்.

"நீயா?" என்றார் அர்மெனாக்.

நிஷான் திரும்பினார். கீழுதட்டில் ஊதாக் கறை.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. உங்களுக்குச் சந்தோஷமா இருக்கும்னு நெனச்சேன். டிக்ரானுக்குத்தான் எல்லாரும் போடுவாங்களே, என் ஒரு ஓட்டு இல்லாட்டி அவருக்கு என்னன்னு."

"கிண்டலுக்கு எழுதினியா?"

"கிண்டலா?" நிஷானுக்கு அது புரியவே இல்லை. "கேள்வி பெரிய ஆட்டக்காரர் யாருன்னுதானே. மத்தவங்க ஆடினதை நான் எங்க பாத்தேன்? பேப்பர்ல போடுவாங்க, படிப்பேன். நீங்க என் காயையும் சேர்த்து ஆடுறீங்க. போன மாசம் நான் சொன்ன யானையை நீங்களே நகர்த்தி உங்க ராணியை நீங்களே வெட்டிக்கிட்டீங்க. மூஞ்சிகூட மாறல. அதை எந்த சாம்பியன் செய்வான்?"

உண்மையில் அன்றைக்கு அர்மெனாக்கின் மூஞ்சி நன்றாகவே மாறியது. பாய்லர் அறை இருட்டில் தெரியவில்லை, அவ்வளவுதான்.

"யார்கிட்டயும் மூச்சு விடாதே" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தார்.

வெள்ளிக்கிழமை தாதெவோஸ் பன்னிரண்டு வெள்ளைத்தாளை மேசையில் விசிறிபோல் பரப்பினார். ராத்திரி தூங்கவில்லை என்பது கண்ணில் தெரிந்தது.

"யாரையும் குத்தம் சொல்லப் போறதில்ல. ஒவ்வொருத்தரா வந்து அந்த ரெண்டு சீட்டுல இருக்கிற பேரையும் எழுதணும். வலது கையால ஒரு தடவை, இடது கையால ஒரு தடவை. நான் ஒப்பிட்டுப் பாப்பேன். யாரும் பயப்பட வேண்டாம், பயப்படுற ஆளைத் தவிர."

அர்மெனாக்குக்கு உள்ளூர ஒரு நிம்மதி. எழுதிக் காட்டினால் தப்பிக்கலாம். ஊதாச் சீட்டு தன்னுடையதில்லை என்று நிரூபணமாகும். கபாபிளாங்கா சீட்டு மாட்டும்தான். ஆனால் அதை அச்செழுத்தில் எழுதியிருந்தார், வாதாடலாம்.

"கடைசிப் பலகையிலேர்ந்து வருவோம்" என்றார் தாதெவோஸ். "பலகையே இல்லாதவர் மொதல்ல. நிஷான், வா."

நிஷான் எழுந்திருக்கவில்லை. கை இரண்டும் மேசைக்கடியில் இருந்தன. மேசைமேல் இருந்த தேநீர்க் கிளாஸில் கரண்டி மட்டும் மெல்லக் கிணுகிணுத்தது. எல்லோருடைய கண்களும் அந்தச் சத்தம் வந்த இடத்தைத் தேட ஆரம்பித்தன.

"நான்தான்" என்றார் அர்மெனாக்.

கண்கள் திரும்பின.

"என் பேரை நான்தான் எழுதினேன். இடது கையால. போதுமா?"

அறையில் ஒரு பெருமூச்சு ஓடியது. ஷவார்ஷ் தொடையில் தட்டினான். தாதெவோஸ் மட்டும் சிரிக்கவில்லை.

"சரி. அது முடிஞ்சது. இப்ப கபாபிளாங்கா யாருன்னு பாக்கணும். நிஷான், எழுது."

முதல் பலகைக்காரர் ஒரு நகர்வு தள்ளி யோசிக்கவில்லை. பன்னிரண்டு வருஷமாக அவர் தோற்ற ஆட்டங்களிலெல்லாம் இதுதான் நடந்தது.

"அதுவும் நான்தான்" என்றார்.

"ரெண்டுமா? பன்னெண்டு பேர், பன்னெண்டு சீட்டு. நீ ரெண்டு போட்டா ஒருத்தர் போடலன்னு ஆகுதே. யாரு போடல?"

அர்மெனாக் அதையும் யோசிக்கவில்லை. அப்போது மேசைக்கு மறுபக்கத்திலிருந்து மெதுவாக ஒரு குரல் வந்தது.

"நான் போடலைங்க" என்றார் நிஷான். அர்மெனாக்கைப் பார்க்காமல் சொன்னார். "அன்னைக்கு பாய்லர்ல அழுத்தம் ஏறிடுச்சு. பாதியில எழுந்து போயிட்டேன். என் வெத்துத்தாள் மேசையிலேயே கெடந்துச்சு."

தாதெவோஸ் விரல் விட்டு எண்ணினார். பன்னிரண்டு சரியாக வந்தது. கணக்கு சரியாக வந்ததும் அவருக்குப் பாதி கோபம் போய்விட்டது. ஆனால் ஷவார்ஷின் கண் சுருங்கியது.

"இருங்க. எனக்கு ஒண்ணு புரியல. திருட்டு ஓட்டுப் போடுறவன் ரெண்டையும் தனக்கே போட்டுக்க வேண்டியதுதானே? நடுவுல கபாபிளாங்கா எதுக்கு?"

"எனக்கே ரெண்டு விழுந்தா சந்தேகம் வருமேன்னுதான்" என்றார் அர்மெனாக்.

கூரை இடியச் சிரித்தார்கள். அதற்கப்புறம் யாருக்கும் விசாரிக்கத் தோன்றவில்லை. இரண்டு சீட்டும் செல்லாதவை, மீதிப் பத்து ஒருமனதாக டிக்ரானுக்கு என்று தீர்மானம் ஆயிற்று. தாதெவோஸின் தலைப்பு பிழைத்தது. ஞாயிறு முதல் பலகை ஷவார்ஷுக்கு. அர்மெனாக் லெனினகானுக்கு வரலாம். ஆட்ட நேரம் பார்க்கிற கடிகாரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு.

தூக்கிக்கொண்டு போனார். கடிகாரங்கள் நல்ல கனம்.

திங்கள் மதியம் பாய்லர் அறையில் நிஷான் கேட்டார்.

"ஷவார்ஷ் எப்படி ஆடினாப்ல?"

"இருபத்தி மூணு நகர்வுல காலி."

"நீங்க இருந்திருந்தா?"

"நானும் தோத்திருப்பேன். நாப்பது வரைக்கும் இழுத்திருப்பேன்."

நிஷான் தலையாட்டினார். பலகையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அடுத்த தடவை நான் டிக்ரானுக்கே போட்டுடறேன் அண்ணே. அவருக்குப் போட்டா யாருக்கும் கஷ்டமில்ல."

இது அக்கறையா, இல்லை நானும் தோத்திருப்பேன் என்றதும் தன்னைப் பற்றிய எண்ணம் மாறிவிட்டதா என்று அர்மெனாக் அவர் முகத்தைக் கூர்ந்து பார்த்தார். பாய்லர் அறை இருட்டில் ஒன்றும் தெரியவில்லை.

"சிப்பாய்" என்றார் நிஷான். "ராஜாவுக்கு முன்னாடி இருக்கறது. ரெண்டு கட்டம்."